புகும் நீர், தங்கும் நீர்: லாரியின் அடிப்பாகக் கோளாறுகள் குறித்து ஓர் ஒப்பாய்வு

புதுக்கோட்டை மாவட்டத்து லாரிகளின் அடிப்பாகத்தில் இரண்டு விதத் தண்ணீர் படுகிறது. குளத்தூர், இலுப்பூர், திருமயம் வட்டாரங்களில் ஜல்லியும் கிரஷர் தூசியும் ஏற்றும் டிப்பர்கள், ஐப்பசி கார்த்திகையில் தரைப்பாலங்களிலும் ரயில்வே சுரங்கப்பாதைகளிலும் இறங்கி ஏறும்போது படுவது மழைத் தண்ணீர். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மீன், நண்டு, இறால் ஏற்றும் லாரிகளில் படுவது உப்புத் தண்ணீர். முன்னது கீழிருந்து எழும். ஹப், ஹவுசிங், சில வேளை சேஸ் வரை மூழ்கடிக்கும். வண்டி மேடேறியதும் வடிந்துவிடும். பின்னது மேலிருந்து இறங்கும். மீன்பெட்டிகளில் உருகும் ஐஸ், பாடியின் பலகை இடுக்குகள் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சேஸ் மீது விழும். வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வரும்.

மாவட்டத்தின் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர் நீளம்தான். மாவட்டத் தலைநகரிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்துக்குள் பட்டறைப் பேச்சு மாறிவிடுகிறது. மழைக்குப் பிறகு உள்நாட்டுப் பட்டறையில் அடிபடும் சொற்கள் ஆயில், கிரீஸ், பேரிங். கடலோரப் பட்டறையில் அடிபடும் சொற்கள் எர்த், கப்ளர், வயர். ஒரே மாதிரி லாரிகள், அடியில் பட்டது இரண்டிலும் தண்ணீர்தான். ஆனாலும் ஒன்றில் இயந்திரம் நோகிறது, மற்றதில் மின்சாரம் நோகிறது. இது ஏன் என்று பார்ப்பதும், இந்த வேறுபாட்டுக்கு அடியில் ஓர் உறவு ஒளிந்திருப்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் வேலை.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மழைத் தண்ணீர் புகுவதால் கெடுக்கிறது. உப்புத் தண்ணீர் தங்குவதால் கெடுக்கிறது. முதலாவதில் தண்ணீர் எந்த வாசலால் போனது என்று தேட வேண்டும். இரண்டாவதில் அது எங்கே குடியிருக்கிறது என்று தேட வேண்டும். ஆனால் புகாத நீர் தங்குவதில்லை. தங்காத நீர் கெடுப்பதில்லை. ஆகவே ஒன்றை மட்டும் தேடப் பழகிய கை, இரண்டு லாரிகளையுமே பாதிதான் சரிசெய்யும்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறிய டிப்பரின் கோளாறுகள் தவணை முறையில் வருகின்றன. முதல் தவணை சில நிமிடங்களில்: லைனருக்கும் டிரம்முக்கும் நடுவே நீர்ப்படலம் நிற்பதால் பிரேக் மிதித்தும் பிடிக்காது. மெதுவாக உருட்டிக்கொண்டே லேசாகப் பலமுறை மிதித்தால் சூட்டில் காய்ந்து சரியாகும். இரண்டாம் தவணை சில நாட்களில்: செல்ஃப் மோட்டாரில் சேறு சிக்கும், கியர் விழ அடம்பிடிக்கும். மூன்றாம் தவணை சில வாரங்களில்: ஆயிலோடும் கிரீஸோடும் கலந்த தண்ணீர் பேரிங்கின் பளபளப்பைத் தின்றுவிட்டபின் ஹப் சூடாகும், கிரவுன் முனகும். அதற்குள் மழை ஓய்ந்து சாலையில் புழுதி பறக்கத் தொடங்கியிருக்கும்.

மீன் லாரியின் கோளாறுகளுக்குத் தவணை கிடையாது. பின்விளக்குகளில் ஒன்று மங்கும். சில மாதம் கழித்து, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும். எர்த் அறுந்த மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியே திரும்பும் பாதை தேடுகிறது என்பதற்கு அது அடையாளம். பிறகு ஒருநாள் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுநாள் அணையும். இவற்றில் எது எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. டிப்பர் ஓட்டுநரிடம் கேட்டால் தண்ணீரில் இறங்கிய நாள் நினைவிருக்கும். ஆனால் இன்றைய சத்தத்தை அந்த நாளோடு அவர் சேர்த்துப் பார்ப்பதில்லை. மீன் லாரி ஓட்டுநரிடம் கேட்டால் உப்புதான் காரணம் என்று உடனே சொல்லிவிடுவார். ஆனால் நாள் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரு விஷயத்தில் கைகோக்கின்றன. இரண்டிலும் பெரிய சேதம் நனையும்போது நடப்பதில்லை, நிற்கும்போது நடக்கிறது. மழையில் நனைந்த கிளட்ச் அன்று வழுக்கும். நான்கு நாள் நிறுத்தி எடுத்தால் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அதேபோல நனைந்த பிரேக் அன்று பிடிக்காது. காய்ந்த பிரேக் அப்புறம் விடாது. ஒரே பாகம், ஒரே தண்ணீர், நேர்மாறான இரண்டு புகார்கள். நடுவே இருப்பது ஓய்வு மட்டுமே. கடலோரத்தில் இந்த ஓய்வுக்கு நாள் குறித்தே வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வேறு சரக்கு கிடைக்காத லாரி இந்த நாட்களில் நிற்கும். அடியில் படிந்த உப்பு நிற்காது. தடை நீங்கி வண்டியை எடுக்கும்போது ஸ்லாக் அட்ஜஸ்டர் இறுகி, பிரேக் ஷாஃப்ட் அதன் புஷ்ஷோடு கட்டிக்கொண்டு, சக்கரம் உருள மறுப்பதற்கு இதுவே காரணம். ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்ற கணக்கு இரண்டு இடத்திலும் தோற்கிறது.

இனி வாசலைப் பார்ப்போம். 2021 செப்டம்பரில் இம்மாவட்டத்தின் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். காரின் எஞ்சினை நிறுத்திவிடும் ஆழத்தைப் பல லாரிகள் கடந்துவிடுகின்றன. எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் குழாய் கேபினுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதே காரணம். ஆனால் லாரியில் மூச்சு விடுவது எஞ்சின் மட்டும் அல்ல. பின் அச்சின் கிரவுன் ஹவுசிங்குக்கு பிரீதர் என்னும் மூச்சுத்துளை ஒன்று உண்டு. கியர்பாக்ஸுக்கு ஒன்று உண்டு. டீசல் டேங்கின் மூடியில் ஒன்று உண்டு. எஞ்சின் உயரத்தில் மூச்சு விடுவதால் கடந்துவிட்ட லாரி, இடுப்புக்குக் கீழே மூச்சு விடும் இந்தப் பாகங்களில் தண்ணீரை வாங்கிக்கொண்டு கரையேறுகிறது.

அது எப்படி என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும். நெடுந்தூரம் பாரத்தோடு ஓடிவந்த ஹவுசிங் 80 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அது 30 டிகிரி தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே அடைபட்ட காற்று அந்த 50 டிகிரியை இழக்கும்போது ஏழில் ஒரு பங்கு சுருங்க முயலும். பிரீதர் திறந்திருந்து நீருக்கு மேலே இருந்தால் வெளிக்காற்று வந்து நிரப்பும். கிரஷர் தூசியும் சேறும் கலந்து பிரீதரை அடைத்திருந்தால், உள்ளே ஏற்படும் வெற்றிடம் ஏறத்தாழ 1.4 மீட்டர் உயர நீர்த்தூணின் இழுப்புக்குச் சமம். ஆயில் சீலின் உதடு, உள்ளே இருக்கும் ஆயில் வெளியேறாமல் காக்க வடிவமைக்கப்பட்டது. வெளியிலிருந்து இழுக்கப்படும் தண்ணீரைத் தடுப்பது அதன் முதல் வேலையே அல்ல. ஆகவே முழங்கால் ஆழத் தண்ணீர்கூட உள்ளே போய்விடும். சீல் கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. வண்டி சூடாக இருந்தால் போதும். “அண்ணே, தண்ணியில எறங்குறப்ப வண்டி எவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு?” என்பது தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதைவிடப் பயனுள்ள கேள்வி.

கடலோரத்தில் லாரி மூழ்குவதில்லை. அப்படியானால் அங்கே வாசல் எது? அதே மூச்சுதான். ஓடும்போது சூடாகி, துறைமுகத்தில் நிற்கும்போது குளிர்ந்து, ஒவ்வொரு பயணத்திலும் ஒவ்வொரு மூடிய கூடும் ஒருமுறை காற்றை வெளிவிட்டு ஒருமுறை உள்வாங்குகிறது. விளக்குக் கூடு, வயர்களை இணைக்கும் கப்ளர், ஹவுசிங் எல்லாவற்றுக்கும் இது பொது. உள்வாங்கும் இடம் ஈரமும் உப்பும் நிறைந்த கரை. இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு ஸ்பிரிங் பிரேக் சேம்பர். ஹேண்ட் பிரேக் போடும்போது உள்ளே சுருண்டிருந்த பெரிய ஸ்பிரிங் விரிகிறது; ஸ்பிரிங் இருக்கும் அறை பெரிதாகிறது; வெளிக்காற்று அங்கே இழுக்கப்படுகிறது. மீன் ஏற்ற நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடும் கணத்தில், மேலே ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் இடத்திலேயே, சேம்பர் ஒரு மூச்சு இழுக்கிறது. ஆண்டுகள் ஓடியபின் ஸ்பிரிங் துருவில் குழிபட்டு உள்ளேயே முறிவது இதனால்தான். முறிந்த ஸ்பிரிங்கும் ஆளைக் கொல்லும் விசை கொண்டது; அந்தச் சேம்பரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

இங்கேதான் எதிர்பாராத உறவு வெளிப்படுகிறது. சுரங்கப்பாதையில் டிப்பர் குடித்த ஒரு பெரிய மடக்கும், கோட்டைப்பட்டினத்தில் மீன் லாரி இழுத்த ஆயிரம் சிறு மூச்சுகளும் ஒரே விதியின் இரண்டு வேகங்கள். சூடான காற்று குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கியதன் இடத்தை வெளியே எது இருக்கிறதோ அது நிரப்புகிறது. ஒன்றில் அது ஒரே நிமிடத்தில் லிட்டர் கணக்கில் நடக்கிறது. மற்றதில் மாதக்கணக்கில் துளித்துளியாக நடக்கிறது. வெள்ளத்தால் கெட்டது, உப்பால் கெட்டது என்று பட்டறை பிரித்து எழுதும் இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்.

கப்ளர்களும் சென்சார்களும் ஐபி67 தரம் பெற்றவை, அவற்றில் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்கலாம். அந்த எண்ணின் கடைசி இலக்கம் சொல்வது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் கேடு தரும் அளவுக்குத் தண்ணீர் புகாது என்பது. அந்தச் சோதனையின் நிபந்தனைகளில் ஒன்று, தண்ணீரின் வெப்பநிலைக்கும் பொருளின் வெப்பநிலைக்கும் வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. ஓடிவந்த டிப்பர் அந்த நிபந்தனையை ஒருபோதும் நிறைவேற்றுவதில்லை. இன்னொன்று: உப்பு அரிப்பைத் தாங்குமா என்பதை அந்த எண் சோதிப்பதே இல்லை. அதாவது டிப்பரின் சிக்கல் சூடு, மீன் லாரியின் சிக்கல் உப்பு; இரண்டுமே அந்த ஒரே எண்ணின் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

வாசல் ஒன்று, புகுந்தபின் நடப்பது வேறு. மழைத் தண்ணீர் ஒரு நல்ல வெயிலில் காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு இருக்கும். உப்பு இருக்கும் இடத்தில் ஈரம் திரும்ப வரும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தூய சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்று அதைவிடக் கீழே இறங்குவது அரிது. ஆகவே மீன் லாரியின் அடிப்பாகம், கைக்குக் காய்ந்ததாகப் பட்டாலும், அரிப்பின் கணக்கில் நனைந்தபடியே இருக்கிறது. டிப்பர் ஓராண்டில் சில நாள் நனைகிறது. மீன் லாரி ஒருபோதும் காய்வதில்லை.

கடத்தும் திறனிலும் வேறுபாடு பெரிது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அது கண்மாய்த் தண்ணீரைப் போல நூறு மடங்கு மின்சாரம் கடத்தும். மீன்பெட்டித் தண்ணீரில் அவ்வளவு உப்பு இல்லாவிட்டாலும் வேலைக்குப் போதுமானது இருக்கும். எப்போதும் 24 வோல்ட் நிற்கும் ஒரு கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இரண்டு பின்களில் பாசிட்டிவ் பின் பச்சை பூத்து மெலிந்திருக்கும், சில வேளை முறிந்து கப்ளருக்குள்ளேயே கிடக்கும். பக்கத்து எர்த் பின் ஏறத்தாழ முழுதாக இருக்கும். உப்பு நீர் வழியே ஓடிய சிறு மின்சாரம் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பைக் கரைத்துவிட்டிருக்கிறது. மழைத் தண்ணீரிலும் இது நடக்கும், ஆனால் மெல்ல. அதற்குள் அது காய்ந்துவிடும். தண்ணீரில் சிக்கி நிற்கும் வண்டியில் பேட்டரி மெயின் சுவிட்சை அணைப்பது இரண்டு தண்ணீருக்கும் பொதுவான முதலுதவி. கரைப்பது தண்ணீர் என்றாலும் கரைக்கச் சொல்வது மின்சாரம்.

சாட்சியங்களைக் கையாள்வதிலும் இரண்டுக்கும் ஓர் இணை உண்டு. டிப்பரில் சாட்சி ஆயில். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஓட்டாமல் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினால், ஆயிலைவிடக் கனமான தண்ணீர் முதலில் வரும். எவ்வளவு புகுந்தது என்பது கண்ணெதிரே தெரியும். பட்டறைக்கு ஓட்டிவந்து உடனே திறந்தால் இரண்டும் கடைந்து ஒன்றாகி, பால் நிறத்தில்தான் வரும். தண்ணீர் இருக்கிறது என்று தெரியும், அளவு தெரியாது. மீன் லாரியில் சாட்சி கப்ளருக்குள் படிந்த நிறம். முதலில் வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பச்சையும் வெள்ளையும் கழுவப்பட்டு, எந்தப் பின் எதனால் கெட்டது என்ற கணக்கு போய்விடும். ஒன்றில் சாட்சியை அழிப்பது ஓட்டம், மற்றதில் கழுவுதல்.

சோதிக்கும் கருவியிலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. உப்பு ஏறிய வயரில் மீட்டர் வைத்தால் 24 வோல்ட் முழுதாகக் காட்டும். வயரின் மேலுறை நன்றாக இருக்கும். உள்ளே செம்பு இழைகள் கறுத்து, இரண்டு மூன்று மட்டும் மிஞ்சியிருக்கும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால் அந்த இரண்டு இழைகளே அதற்குப் போதும். அதே இடத்தில் 21 வாட் பல்பால் செய்த பழைய டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் மங்கலாக எரியும். உண்மை அங்கே வெளிப்படும். டிஜிட்டல் மீட்டர் ஏமாறும் இடத்தில் பல்பு ஏமாறுவதில்லை. எர்த்தையும் இதே போல பாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்: செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால், குற்றவாளி மோட்டார் அல்ல, எர்த் பட்டை. டிப்பரின் ஹப்பிலும் விதி இதுவே. ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றும் ஹப், பாரத்தோடு இருபது கிலோமீட்டர் ஓடியபின் எதிர்ப்பக்க ஹப்பைவிடச் சூடாக இருந்தால் உள்ளே நீர் கலந்த கிரீஸ் இருக்கலாம். வயரானாலும் பேரிங்கானாலும், பாரம் ஏற்றாமல் கேட்டால் பொய்தான் சொல்லும்.

ஒரே விளக்கு இரண்டு காரணங்களால் எரியும் இடம் ஏபிஎஸ். டிப்பரில் பெரும்பாலும் காரணம் இடைவெளி. சேறும் கல்தூளும் சென்சாரைப் பற்களுடைய வளையத்திலிருந்து தள்ளிவிடும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரை எட்டினாலே மெதுவான வேகத்தில் சிக்னல் காணாமல் போகும். சென்சாரின் ஓம் அளவு சரியாகவே இருக்கும். சென்சாரை மறுபடி வளையத்தைத் தொடும்வரை அழுத்திவிட்டால் போதும். சக்கரமே சரியான இடைவெளியை ஏற்படுத்திக்கொள்ளும். மீன் லாரியில் பெரும்பாலும் காரணம் கப்ளர். அங்கே இடைவெளி சரியாக இருக்கும், ஓம் அளவு கூடியோ குறைந்தோ இருக்கும். அளவு சரி, விளக்கு எரிகிறது என்றால் பெரும்பாலும் இயந்திரக் காரணம். அளவே தவறு என்றால் மின் காரணம். இந்த ஒரு அளவை எடுக்காமல் புது சென்சார் வாங்கும் பழக்கம் இரண்டு பக்கமும் உண்டு.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 லாரிகள் இந்த ஒப்பீட்டை இன்னும் சுவையாக்கிவிட்டன. பழைய லாரியில் தண்ணீர் எங்கே புகுந்ததோ அங்கேதான் கோளாறு தெரியும். புதிய லாரியில் பின்னால் ஒரு கப்ளர் நனைந்தால் முன்னால் எஞ்சின் சக்தி குறையும்; ஸ்கேனர் போட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துக் கோளாறுகள் வரிசையாக வரும். பத்துப் பாகங்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த்தையோ, கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயர் இரண்டையுமோ பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து அந்த இரண்டு வயர்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. 60-க்குக் கீழே நன்றாக இறங்கினால் எங்கோ இரண்டும் கலக்கின்றன. ஈரமும் உப்பும் செய்யும் வேலை அது. அறுந்ததா, கலந்ததா என்ற இந்தக் கேள்வி, பிடிக்கவில்லையா, விடவில்லையா என்று பிரேக்கிடம் கேட்ட அதே கேள்வியின் மின்சார வடிவம்.

பிஎஸ்-6 லாரியில் மூன்றாவது வெள்ளைப் பொடி ஒன்றும் சேர்ந்துவிட்டது. கப்ளரில் வெள்ளையாகப் படிந்திருப்பது கடல் உப்பாக இருக்கலாம். அலுமினியம் அரித்த பொடியாக இருக்கலாம். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ கசிந்து காய்ந்த யூரியாவாகவும் இருக்கலாம். ஆட்புளூவில் 32.5 விழுக்காடு யூரியா. அது வயருக்குள்ளேயே ஏறிப் பயணம் செய்து செம்பைத் தின்னக் கூடியது. வெந்நீரில் கரையாமல் நிற்பது அலுமினியப் பொடி. கரைந்துவிட்டால், ஆட்புளூ பைப்புக்குப் பக்கத்தில் கெட்டிக் கட்டியாக இருந்ததா, மீன்பெட்டிக்கு நேர் கீழே ஈரப்பிசுக்கோடு இருந்ததா என்று இடத்தை வைத்துப் பிரிக்கலாம். கடலையே காணாத டிப்பருக்கும் இப்படி ஓர் உப்பு நோய் வந்துசேர்ந்திருப்பது இந்தப் புதிய காலத்தின் கொடை.

மருந்தைப் பற்றி ஒரு சொல். டிப்பருக்கு நோயான மழைத் தண்ணீர், மீன் லாரிக்கு மருந்து. கார்த்திகையின் கனமழை மீன் லாரியின் அடியில் படிந்த உப்பைக் கழுவிச் செல்கிறது. வண்டிக்கு அதிகத் தொல்லை தருவது பெருமழை அல்ல, உப்பைக் கழுவாமல் கரைத்து மட்டும் விடும் சிறு தூறலும் விடியற்காலை ஈரமும்தான். மழை இல்லாத மாதங்களில் வாட்டர் சர்வீஸ் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் துறைமுகத்திலிருந்து வந்த சூட்டோடு, அழுத்தம் கூடிய பைப்பை ஹப் சீலுக்கும் கப்ளருக்கும் நேராகப் பிடித்தால், சுரங்கப்பாதையில் டிப்பருக்கு நடந்தது இங்கே மீன் லாரிக்கு நடக்கும்: சூடான கூடு குளிர்ந்த நீரை இழுக்கும், கூடவே கரைந்த உப்பையும். ஆறவிட்டு, அழுத்தம் குறைத்து, நிறையத் தண்ணீரால் அலசி, பிறகு கிரீஸ் அடித்தால் அது மருந்து. கிராஸ் ஜாயின்ட்டின் நான்கு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும் என்ற விதியில் இரண்டு லாரிக்கும் வேறுபாடு இல்லை.

கடலோரத் துன்பம் கடலோரத்துக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும், கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே ஓடும் லாரிகளுக்கும் இதே பச்சைப் பின்கள், இதே முறிந்த பிரேக் ஸ்பிரிங்குகள், சேஸின் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு உப்பி அவற்றைப் பிரிக்கும் இதே காட்சி. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அங்கே தூவும் உப்புகளில் ஒன்று மக்னீசியம் குளோரைடு. பனி கண்டிராத கோட்டைப்பட்டினத்து மீன் லாரிக்கு மிக நெருங்கிய உறவு, பக்கத்துத் தாலுகாவின் டிப்பர் அல்ல, கனடாவில் பனியில் ஓடும் லாரி.

இரண்டையும் எடைபோட்டால், மழைத் தண்ணீரின் பில் பெரிது, ஒருமுறை வரும். உப்புத் தண்ணீரின் பில் சிறிது, வந்துகொண்டே இருக்கும். எது மோசம் என்பது லாரி உரிமையாளரின் கையிருப்பைப் பொறுத்தது. நோயறிதலில் மட்டும் தீர்ப்புச் சொல்லலாம். உள்நாட்டுப் பட்டறை, ஆயிலை மாற்றி பேரிங்கைப் போட்டுவிட்டு, அதே நாளில் மூழ்கிய கப்ளர்களைத் திறக்காமல் அனுப்பிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து அந்த லாரி வயரிங் கோளாறோடு வரும்போது மழையை யாரும் நினைப்பதில்லை. கடலோரப் பட்டறை, எர்த்தைச் சுத்தம் செய்து வயரை மாற்றிவிட்டு, பிரீதரையும் ஹப் கிரீஸையும் பார்க்காமல் விடுகிறது. ஹப் சூடாகும்போது உப்பை வயரில்தான் தேடுகிறது. இரண்டு பட்டறையும் தத்தம் தண்ணீரின் பாதியை மட்டும் நன்றாக அறிந்திருக்கின்றன.

இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தால் கிடைக்கும் வரிசை நீளமானதல்ல. முதலில் கேள்வி: நனைந்தபோது எந்தப் பாகம் சூடாக இருந்தது, நனைந்தபின் வண்டி எத்தனை நாள் நின்றது? அடுத்தது பார்வை: ஓட்டாமல், கழுவாமல், டிரெயின் பிளக்கும் கப்ளரும். மூன்றாவது பாரத்தோடு சோதனை: ஹப்புக்கு ஓட்டமும், வயருக்கு பல்பும். கடைசியில்தான் ஸ்கேனரும் புதுப் பாகமும். அறந்தாங்கி வழியாக இரண்டு வகை லாரிகளும் போகின்றன. டிப்பரை ஒருமுறை மீன் லாரியாகவும், மீன் லாரியை ஒருமுறை டிப்பராகவும் பாவித்துச் சோதிக்க அரை நாள்கூட ஆகாது. காரணம் தெரியாமல் மாற்றிய சென்சார் ஒன்றின் விலை அந்த அரை நாள் கூலியைவிடக் கூடுதல்.